சின்னத்தாயி எழுதிப் போட்ட புகார்

புகார்ப் பெட்டி பெண்கள் கழிப்பறைக்குள், கை கழுவும் தொட்டிக்கு மேலே மாட்டியிருந்தது. நல்ல எண்ணத்தோடுதான் அதை அங்கே வைத்திருந்தார்கள். வெளியே வராந்தாவில் வைத்தால், எவள் போய்க் காகிதம் போடுகிறாள் என்று தையல் லைன் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குள் அது மேலே உள்ளவர்கள் காதுக்குப் போய்விடும். கழிப்பறை என்றால் உள்ளே போன பெண் எதற்குப் போனாள் என்று யார் கேட்கப் போகிறார்கள்? பொம்மனஹள்ளிப் பக்கத்துச் சட்டைக் கம்பெனி அது. வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அதனால் அந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் யாருக்கும் தோன்றவில்லை.

பெட்டிக்கு இரண்டு சாவி. ஒன்று ஹெச்.ஆர். மேனேஜர் கேரல் மேடத்திடம். மற்றது தையல்காரி சின்னத்தாயியிடம். வேலை செய்யும் இடத்தில் பெண்களுக்குப் பாலியல் தொல்லை கொடுக்கிறவர்களை விசாரிக்கச் சட்டப்படி ஒரு கமிட்டி இருக்க வேண்டும். அதில் தொழிலாளர் பக்கத்து உறுப்பினர் சின்னத்தாயி. அவள் ஆசைப்பட்டு வாங்கிய பதவியில்லை. யாரைப் போடலாம் என்று கேரல் மேடம் கேட்டபோது லைன் மொத்தமும் அவளைக் கை காட்டியது. "இவ வாயில பொய் வராது மேடம், எங்களுக்காகக்கூட வராது" என்றாள் செக்கிங் மேஜை லட்சுமம்மா. எல்லோரும் சிரித்தார்கள். அதோடு முடிந்தது தேர்தல்.

சின்னத்தாயி ஈஜிபுராவில் குடியிருந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம். மகள் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். காலையில் தெருக்கோடி மாரியம்மன் முன்னால் ஒரு நிமிடம் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். பெட்டியைத் திறக்கிற நாளில் மட்டும் வேண்டுதல் ஒன்று கூடும். 'தாயே, இன்னிக்கும் காலியா இருக்கட்டும்.' பெரும்பாலும் காலியாகவே இருந்தது. அதற்காக அவள் அம்மனுக்கு நன்றி சொன்னாள்.

ஒரு நாள் சாப்பாட்டு வேளையில், அயர்ன் செக்‌ஷன் ஆம்ப்ரோஸ் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஈஜிபுராவில் அவள் தெருவுக்கு அடுத்த தெருக்காரன். முப்பது வயது இருக்கும், கல்யாணமானவன். மனைவி டீனா மாசமாக இருந்தாள். அதிகம் பேசாத ஆள், சட்டைக் காலரை அவன் தேய்த்தால் கத்தி மாதிரி நிற்கும் என்று பேர். டப்பாவைத் திறக்காமலே கேட்டான்.

"அக்கா, அந்தப் பெட்டியில ஆம்பளைங்க எழுதிப் போடலாமா?"

சின்னத்தாயி சிரித்துவிட்டாள். "ஏன்ப்பா, உன் கைய யாரு பிடிச்சு இழுத்தா? சொல்லு, கமிட்டியக் கூட்டிடுவோம்."

எதிரே இருந்த லட்சுமம்மா வாயில் சோற்றோடு புரையேறச் சிரித்தாள். "அய்யோ தேவ்ரே! ஆம்பளைக்குக் கற்பு போயிடுமா? பாத்து ஆம்ப்ரோஸு, பத்திரமா வீட்டுக்குப் போ."

ஆம்ப்ரோஸும் சிரித்தான். சிரித்துக்கொண்டே எழுந்து போனான். அவன் டப்பாவை எடுக்கும்போதுதான் சின்னத்தாயி அவன் முன்கையைப் பார்த்தாள். மணிக்கட்டுக்கு மேலே இஸ்திரிப் பெட்டியின் முனை சுட்ட வடு. அதற்குக் கீழே பழைய வடு ஒன்று. அதற்கும் கீழே இன்னொன்று, தோல் உரிந்து ஆறியது. அவன் கத்துக்குட்டி இல்லை. இத்தனை வருஷம் சுடாத கை இப்போது ஏன் சுட்டுக்கொள்கிறது?

அந்தக் கேள்வி மத்தியானம் முழுக்க அவளை உறுத்தியது. காலர் தைக்கும்போது இரண்டு சட்டையைத் தப்பாகத் தைத்துப் பிரித்தாள்.

சாயங்காலம் வேலை விட்டதும் பஸ் நிறுத்தத்தில் அவனைத் தேடிப் பிடித்தாள். "தம்பி, மதியானம் நான் சிரிச்சது தப்பு. என்ன நடந்துச்சுன்னு சொல்லு" என்றாள். அவன் ஒன்றுமில்லை என்றான். பஸ் வந்தது. அவள் ஏறவில்லை. அவனும் ஏறவில்லை. அடுத்த பஸ் வந்து போன பிறகு, ரோட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

ஃபினிஷிங் இன்சார்ஜ் சுந்தரமூர்த்தி. தேய்ப்பது, மடிப்பது, அட்டைப்பெட்டியில் அடைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. நெற்றியில் எப்போதும் சந்தனம் இருக்கும். ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் வாழைமரம் கட்டுவதிலிருந்து சுண்டல் விநியோகம் வரை அவர் கைதான் முன்னால் நிற்கும்.

"ஒரு கையில அயர்ன் இருக்கும்க்கா. இன்னொரு கை சட்டையப் பிடிச்சிருக்கும். கால் பெடல்ல இருக்கும். அப்பதான் வந்து பின்னாடி ஒட்டி நிப்பான். மெட்டீரியல் பாக்குற மாதிரி." ஆம்ப்ரோஸ் சட்டைக் கையை இறக்கிவிட்டு வடுவை மறைத்தான். "நெளிஞ்சா என் கையில சுட்டுக்கும். நெளியலேன்னா நான் ஒத்துக்கிட்டேன்னு அர்த்தமாம். அவனே சொன்னான். இப்போ அட்டைப்பெட்டி எண்ணணும்னு பேக்கிங் ஸ்டோருக்குக் கூப்பிடுறான். கதவைச் சாத்திக்கிறான்."

"ஒரு அறை விட்டிருக்கக் கூடாதாப்பா?" கேட்டு முடிக்கும் முன்பே, கேட்டிருக்க வேண்டாம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"எல்லாரும் இதைத்தான் கேப்பீங்க. அதான் யார்கிட்டயும் சொல்லல. போன வருஷம் ஒருத்தன் அவனைத் திருப்பி அடிச்சான். திருட்டுப் பட்டம் கட்டித் துரத்திட்டான். இந்த ரோட்டுல ஒரு கம்பெனி அவனை உள்ள விடல. நான் வாயத் தொறந்தா, நான்தான் அவனைக் கூப்பிட்டேன்னு டீனாகிட்டயே வந்து சொல்லுவானாம்."

மறுநாள் சின்னத்தாயி கேரல் மேடத்தின் அறைக்குப் போனாள்.

கேரலுக்குச் சொந்த இடம் காக்ஸ் டவுன். தொழிலாளர்களின் பிறந்தநாளுக்குச் சாக்லேட் கொடுக்கிற மேனேஜர், யாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வெளியே போய்ப் போனில் யாரிடமோ பேசிவிட்டு வந்து, கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"சின்னத்தாயி, நீங்க சொல்றதை நான் நம்பறேன். ஆனா இதை நம்ம கமிட்டி எடுக்க முடியாது. சட்டத்துல பாதிக்கப்பட்ட பெண்ணுன்னுதான் போட்டிருக்கு. ஆண் கம்ப்ளெயின்ட் குடுக்க அதுல இடமே இல்ல."

"அப்போ போலீசு?"

"நம்ம கமிட்டியில வெளி மெம்பர் இருக்காங்கல்ல, அந்த அட்வகேட் அம்மா, அவங்ககிட்ட பேர் சொல்லாம கேட்டுப் பாத்தேன், இப்பதான். முன்னாடி பழைய கிரிமினல் சட்டத்துல ஆணுக்கும் ஒரு பிரிவு இருந்துச்சாம். புதுசுல அதையும் எடுத்துட்டாங்களாம். அடிச்சான், மிரட்டினான்னு வேணா எழுதலாமாம். ஸ்டேஷன்ல சிரிப்பாங்கன்னு அவங்களே சொல்றாங்க."

"கம்பெனி கேக்கக் கூடாதா மேடம்?"

"சில கம்பெனிங்கள்ல, ஆணோ பெண்ணோ திருநங்கையோ, யாரா இருந்தாலும்னு அவங்களே ரூல் எழுதி வச்சிருக்காங்க. நானும் நம்ம ஜி.எம்.கிட்ட ரெண்டு தடவை கேட்டேன். ஆடிட்டுல அதைக் கேக்க மாட்டாங்க, விடுங்கன்னுட்டார். இப்போதைக்கு ஆண் தொழிலாளி புகார்னா, பொதுப் புகார். அது டிபார்ட்மென்ட் ஹெட் வழியா வரணும்."

ஆம்ப்ரோஸின் டிபார்ட்மென்ட் ஹெட் சுந்தரமூர்த்திதான்.

கேரல் ஜி.எம்.மிடம் நேரில் போய்ப் பேசிப் பார்த்தாள். அவள் கெட்ட எண்ணத்தோடு ஒன்றும் செய்யவில்லை. ஆனால் ஜி.எம். சிரித்தார், சிரித்ததோடு நிற்காமல் டீ குடிக்கும்போது சுந்தரமூர்த்தியிடமே அதைச் சொல்லியும் சிரித்தார். அந்த வாரமே ஆம்ப்ரோஸை அயர்ன் மேஜையிலிருந்து எடுத்து, நிரந்தரமாகப் பேக்கிங் ஸ்டோருக்குப் போட்டார்கள். ஜன்னல் இல்லாத அறை அது.

அதற்குப் பிறகு ஆம்ப்ரோஸ் பேசுவதையே நிறுத்திவிட்டான். ஒரு சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில், ஓசூர் ரோட்டில் வரிசையாகப் போகும் லாரிகளின் சக்கரங்களையே பார்த்துக்கொண்டு நின்றான். சின்னத்தாயி பக்கத்தில் போய் நின்றாள்.

"வீட்டுக்குப் போகணும்னே தோணலக்கா" என்றான். "டீனா மூஞ்சியப் பாக்க முடியல."

அவள் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் வரும்வரை விடவில்லை. பஸ்ஸில் ஏறியும் விடவில்லை. அவன் வீட்டு வாசலில் டீனா வந்து, "என்னக்கா, ரெண்டு பேரும் சேந்து வர்றீங்க?" என்று கேட்ட பிறகுதான் கையை எடுத்தாள்.

தன் அறைக்கு வந்து விளக்கேற்றினாள். விளக்கு எரிந்தது. அவளுக்குக் கும்பிட வரவில்லை.

பெண் எழுதினால்தான் சட்டம் கேட்கும். அவள் பெண். அவளிடம் பேனா இருக்கிறது, பெட்டி இருக்கிறது, பெட்டியின் சாவியும் இருக்கிறது. நடந்ததையெல்லாம் அப்படியே எழுதப்போகிறாள். பேரை மட்டும் மாற்றப்போகிறாள். இதில் பொய் எவ்வளவு, நிஜம் எவ்வளவு? 'பொய்தான் தாயே' என்று கடைசியில் அம்மனிடம் ஒப்புக்கொண்டாள். 'ஒரு உசுருக்காக. பழி என் மேல இருக்கட்டும்.'

ஆம்ப்ரோஸைக் கேட்டால் வேண்டாம் என்பான். அதனால் அவனைக் கேட்கவில்லை. அதுதான் அவள் செய்த தவறு. ஒருவரைக் காப்பாற்றப் போகும்போது, அவரை ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று நமக்குத் தோன்றுவதேயில்லை.

காலையில் காகிதத்தைப் பெட்டியில் போட்டாள். பத்து மணிக்குக் கேரல் மேடம் முன்னிலையில் தானே பெட்டியைத் திறந்து, தானே எடுத்துக் கொடுத்தாள். கேரல் படித்தாள். நிமிர்ந்து நெடுநேரம் அவளைப் பார்த்தாள்.

"இது உங்களுக்கு நடந்ததா?"

"என் பேருதானே போட்டிருக்கு மேடம்."

கேரல் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் பதில் தெரிந்துவிடும், தெரிந்துவிட்டால் புகாரை எடுக்க முடியாது.

சட்டம் அசைந்தது. ஓர் ஆணின் கையில் இருந்த வடுக்களுக்கு அசையாதது, ஒரு பெண் கையெழுத்துக்கு அசைந்தது. விசாரணை முடியும்வரை சுந்தரமூர்த்தியைக் கம்பெனிக்கு வர வேண்டாம் என்றார்கள். சின்னத்தாயி புகார்தாரி ஆகிவிட்டதால் கமிட்டியிலிருந்து விலகி நின்றாள். ஃபினிஷிங்கில் வேலை குவிந்து கிடந்ததால் ஆம்ப்ரோஸை மறுபடி அயர்ன் மேஜைக்கு அழைத்தார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவன் தேய்த்துக்கொண்டே ஏதோ மாதா கோயில் பாட்டை முணுமுணுத்தான். அதைக் கேட்ட அன்று சின்னத்தாயி வயிறாரச் சாப்பிட்டாள்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. புகார் கொடுத்தது யாரென்று கம்பெனியில் கசிந்துவிட்டது. டீனாவோடு ஆம்ப்ரோஸ் சின்னத்தாயி வீட்டுக்கே வந்தான். வாசல்படியிலேயே நின்றான். கண் சிவந்திருந்தது.

"உங்களையுமாக்கா?"

சின்னத்தாயி உள்ளே வரச் சொல்லிக் கதவைத் திறந்து பிடித்தாள்.

"நான் முன்னாடியே சத்தம் போட்டிருந்தா உங்களுக்கு இப்படி ஆகியிருக்காது. என் மேல கை வச்சப்ப நான் சும்மா இருந்ததாலதான அவனுக்கு இவ்ளோ தைரியம் வந்துச்சு? என்னை மன்னிச்சிடுங்கக்கா." டீனாவின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னான். டீனா அவன் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருக்கிறான் என்று அந்தக் கையிலிருந்தே தெரிந்தது.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் இல்லை. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். டீனாவின் வயிறு கண்ணில் பட்டது. சுந்தரமூர்த்தி திரும்பி வந்தால் என்ன ஆகும் என்ற நினைப்பும் கூடவே வந்தது. "அழாதப்பா" என்று மட்டும் சொன்னாள். காபி போட்டுக் கொடுத்தாள். ஒருவன் சுமந்த பாரத்தை இறக்கி வைக்கப் போய், அதன்மேல் இன்னொரு கல்லைத் தூக்கி வைத்திருக்கிறோம் என்று அவளுக்கு அன்றே தெரிந்துவிட்டது.

விசாரணை மேல்மாடிக் கூட்ட அறையில் நடந்தது. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் கேரல், வெளி உறுப்பினரான அட்வகேட் அம்மா, இன்னும் இரண்டு பேர். இந்தப் பக்கம் ஒரு மூலையில் சின்னத்தாயி, மறு மூலையில் சுந்தரமூர்த்தி.

சுந்தரமூர்த்தி நன்றாகப் பேசினார். எழுந்து நின்று கை கூப்பினார்.

"மேடம், என் இத்தனை வருஷ சர்வீஸ்ல இந்த அம்மாகிட்ட நான் நேருக்கு நேர் நின்னு பேசினதுகூட இல்ல. என் கூடப் பொறந்த அக்கா மாதிரி. நான் கும்பிடுற முருகன் சாட்சியா சொல்றேன், என் விரல் இவங்க மேல பட்டதில்ல."

அது உண்மை. அதுதான் சின்னத்தாயியைக் கொன்றது. அந்த மனிதரின் வாயிலிருந்து உண்மை வந்துகொண்டிருந்தது, அவள் வாயிலிருந்து பொய். கோபப்படக்கூட அவளுக்கு உரிமை இல்லாமல் போய்விட்டது. சாமியை அவர் பக்கம் அவளே தள்ளிவிட்ட மாதிரி இருந்தது.

அட்வகேட் அம்மா கேட்டாள். "பேக்கிங் ஸ்டோர்ல நடந்ததா எழுதியிருக்கீங்க. தையல் லைன்ல இருக்கிறவங்க அங்க போக வேலையே இல்லையே?"

"கூப்பிட்டார். போனேன்."

"எதுக்குக் கூப்பிட்டார்?"

"அட்டைப்பெட்டி எண்ண."

"தையல்காரியையா?"

சின்னத்தாயி தலையைக் குனிந்துகொண்டாள். சுந்தரமூர்த்தி லேசாகத் தொண்டையைக் கனைத்தார்.

"மேடம், நான் ஒரே ஒரு சாட்சி கேக்கறேன். அந்த ஸ்டோர்ல காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் இருந்தவன் ஆம்ப்ரோஸு. அவனைக் கூப்பிடுங்க. இந்த அம்மா அங்க வந்தாங்களான்னு அவனே சொல்லட்டும்."

அவர் கணக்கு சரியான கணக்கு. ஆம்ப்ரோஸ் ஆம் என்றால் பொய்யன் என்று நிரூபிக்க வழி வைத்திருப்பார். இல்லை என்றால் சின்னத்தாயி தீர்ந்தாள். எப்படியும் அவன் வாய் நிரந்தரமாக அடைபடும்.

ஆம்ப்ரோஸ் வந்தான். வேலையிலிருந்து நேராக வந்ததால் சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

"வா ஆம்ப்ரோஸு. ஆம்பளையா உண்மையச் சொல்லு" என்றார் சுந்தரமூர்த்தி. 'ஆம்பளையா' என்பதை நிதானமாகச் சொன்னார்.

"நீங்க பேசாதீங்க" என்றாள் கேரல். "ஆம்ப்ரோஸ், சின்னத்தாயி பேக்கிங் ஸ்டோருக்கு வந்ததை நீங்க பாத்தீங்களா?"

ஆம்ப்ரோஸ் சின்னத்தாயியைப் பார்த்தான். அவன் எதையும் பார்க்கவில்லை. ஆனால் அக்கா பொய் சொல்லமாட்டாள் என்று நம்பினான். தான் வாய் மூடியிருந்ததால் கெட்டுப்போனவள் என்று நம்பினான். இந்தத் தடவை வாய் திறப்பது என்று முடிவு செய்துகொண்டு வந்திருக்கிறான். அது அவன் முகத்திலேயே தெரிந்தது.

"பாத்தேன்" என்றான்.

"நிச்சயமா?" என்றாள் அட்வகேட் அம்மா. "ரெண்டு பேர் வேலை இதுல இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க."

"நிச்சயம் மேடம். வேணும்னா..." அவன் வலது கையை நெஞ்சில் வைத்தான். "பொறக்கப்போற என் புள்ள மேல சத்தியமா..."

"வேண்டாம்!"

சின்னத்தாயி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். எப்படி எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. தன் தலையில் விழுகிற எந்தப் பழியையும் தாங்கத் தயாராக வந்தவள் அவள். கண் திறக்காத ஒரு பிள்ளையின் தலைமேல் பொய்ச் சத்தியம் விழுவதை எந்தத் தாய் பார்த்துக்கொண்டிருப்பாள்?

"வேண்டாம் தம்பி. புள்ளைய இழுக்காத. மேடம், நான் அங்க போகல. எனக்கு ஒண்ணும் நடக்கல. நான் எழுதினது பொய்."

ஆம்ப்ரோஸின் கை நெஞ்சிலேயே இருந்தது.

சுந்தரமூர்த்தி மெல்ல மூச்சு விட்டார். "பாத்தீங்களா மேடம்" என்றார். "தெய்வம் இருக்கு."

"அப்போ இதுல எழுதியிருக்கறதெல்லாம் யாருக்கு நடந்தது?" என்றாள் அட்வகேட் அம்மா, காகிதத்தைத் தட்டி. "இவ்வளவு விவரமா எழுதியிருக்கீங்க. கற்பனையா?"

ஆம்ப்ரோஸைக் கேட்காமல் ஒரு தடவை அவன் கதையை எடுத்துக்கொண்டாயிற்று. இன்னொரு தடவை சின்னத்தாயி எடுக்க மாட்டாள். வேலை போகட்டும். பொய்க்காரி என்று இந்த ரோடு முழுக்கச் சொல்லட்டும். அவள் வாயால் அவன் பேர் வராது. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"சொல்லுங்கம்மா. யாருக்கும் நடக்கலன்னு எழுதிக்கலாமா?"

"எனக்கு."

சத்தம் ரொம்பச் சின்னதாக வந்தது. எல்லோரும் ஆம்ப்ரோஸைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டான். சுட்ட கையை மேஜைமேல் வைத்தான்.

"எனக்குத்தான் மேடம். இவர்தான். முழுக்கச் சொல்றேன்."

சொன்னான். நின்று நின்று, தண்ணீர் கேட்டுக் கேட்டுச் சொன்னான். சின்னத்தாயி காகிதத்தில் எழுதியிருந்ததைவிட அது மோசமாக இருந்தது. அவளிடம்கூட அவன் முழுவதையும் சொல்லியிருக்கவில்லை. சுந்தரமூர்த்தி நடுவில் ஒரு தடவை சிரித்துப் பார்த்தார். கூடச் சிரிக்க அங்கே யாருமில்லை. அப்புறம் அவர் சிரிக்கவில்லை.

முடித்ததும் கேரல் பேனாவை எடுத்தாள்.

"இதை நாம எழுத முடியாது கேரல்" என்றாள் அட்வகேட் அம்மா. அவள் குரலும் உடைந்துதான் இருந்தது. "நம்ம வரம்புலயே வராது."

"தெரியும் மேடம். ஆனாலும் எழுதறேன்" என்றாள் கேரல். எழுதினாள். அவள் எழுதி முடிக்கும்வரை யாரும் எழுந்திருக்கவில்லை.

மேலே போன அறிக்கையில் கேரல் எழுதிய அந்தப் பக்கம் இல்லை. ஜி.எம். எடுத்துவிட்டார். புகார் பொய்யென்று தெரிந்தே கொடுக்கப்பட்டது, புகார்தாரியை வேலையிலிருந்து நீக்கலாம் என்ற முடிவு மட்டும் மிஞ்சியது. சட்டப்படி அதில் ஒரு பிழையும் இல்லை. சுந்தரமூர்த்தி திங்கட்கிழமை சந்தனத்தோடு வேலைக்குத் திரும்பினார். கேரல் இந்த முடிவைச் சின்னத்தாயியிடம் தானே நேரில் சொன்னாள், ஆள் விட்டுச் சொல்லவில்லை. ஈஜிபுராவுக்கு வந்து, அந்த ஒற்றை அறையில் பாயில் உட்கார்ந்து சொன்னாள்.

"நீங்க செஞ்சது தப்பு சின்னத்தாயி. நாளைக்கு நிஜமாவே ஒரு பொண்ணு எழுதிப் போட்டா, உன்னதும் அந்த மாதிரிப் பொய்தானான்னு கேப்பாங்க."

"தெரியும் மேடம்" என்றாள் சின்னத்தாயி. அந்த நினைப்புதான் ராத்திரியெல்லாம் அவளைத் தூங்கவிடாமல் செய்தது.

அடையாள அட்டையை ஒப்படைக்க அவள் கடைசியாகக் கம்பெனிக்குப் போனாள். கேட்டிலேயே வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கலாம். செக்யூரிட்டி கோவிந்தப்பா தலையைச் சொறிந்துகொண்டு, "உள்ள போய்க் குடுத்துட்டு வாங்கம்மா. நான் பாக்கலை" என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஃபினிஷிங் செக்‌ஷன் வழியாக ஆபீசுக்குக் குறுக்கே போகலாம். கதவருகே நின்றாள். ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. ஆம்ப்ரோஸ் மேஜையில் சட்டை விரித்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால், கையெட்டும் தூரத்தில், செக்கிங் மேஜையில் இருக்க வேண்டிய லட்சுமம்மா ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் இன்னும் மூன்று பெண்கள். ஆவியின் சூட்டில் எல்லோர் முகமும் வேர்த்துக் கொட்டியது.

சுந்தரமூர்த்தி வந்தார். "ஏய் லட்சுமம்மா, உன் மேஜை எங்க இருக்கு?"

"அங்க லைட்டு சரியில்ல சார். கண்ணு தெரியல."

"இந்தப் புழுக்கத்துல?"

"வயசாயிடுச்சுல்ல சார். குளிர் தாங்கல."

மற்ற பெண்கள் தலை தூக்காமல் கத்தரியை ஓட்டினார்கள். சுந்தரமூர்த்தி அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு, "ஆம்ப்ரோஸு, ஸ்டோருக்கு வா. பெட்டி எண்ணணும்" என்றார்.

ஆம்ப்ரோஸின் தோள் இறுகியது. லட்சுமம்மா கத்தரியை மடியில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"நானும் வர்றேன் சார். ரெண்டு பேர் எண்ணினா தப்பு வராது. ஏய், வாங்கடி, எல்லாரும் போய் எண்ணிட்டு வரலாம்."

சுந்தரமூர்த்தி அவளை முறைத்தார். அப்படியே திரும்பிப் போனார். லட்சுமம்மா உட்கார்ந்தாள். ஆம்ப்ரோஸிடம் அவள் எதுவும் பேசவில்லை. அன்றைக்குச் சாப்பாட்டு வேளையில் தான் சிரித்ததைப் பற்றியும் பேசவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூலை இன்னும் ஒரு சாண் அவன் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் அவள் சின்னத்தாயியைக் கண்டாள். கையை ஆட்டவில்லை, கூப்பிடவில்லை. 'நீ போ, நாங்க இருக்கோம்' என்கிற மாதிரித் தலையை மட்டும் அசைத்தாள்.

இது எத்தனை நாளைக்கு? நாளைக்கே டார்கெட்டைக் காட்டி அவர்களை வேறு லைனுக்குப் பிரித்துப் போடலாம். ஒருத்திக்கு உடம்பு முடியாமல் போகலாம், இன்னொருத்திக்குப் பயம் வரலாம். சின்னத்தாயிக்கு எல்லாம் தெரிந்தது. அட்டையை ஆபீசில் கொடுத்துவிட்டு, திரும்பும்போது வேறு வழியாக வந்தாள். அவன் தன்னைப் பார்த்தால் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பான், இஸ்திரிப் பெட்டி சட்டையின் மேலேயே இருந்துவிடும்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. இத்தனை நாள் அவள் அம்மனிடம் கேட்டதெல்லாம் பெட்டி காலியாக இருக்கட்டும் என்பதுதான். இன்றைக்கு என்ன கேட்பது என்று யோசித்தாள். தனக்கு வேறு வேலை கிடைக்கட்டும் என்று கேட்க வாய் வரவில்லை. அதற்கு அவள் தகுதியானவளா என்று அவளுக்கே நிச்சயமில்லை. 'தாயே, அந்த லட்சுமம்மாவுக்கு அந்தச் சூட்டைத் தாங்குற உடம்பைக் குடு' என்று மட்டும் வேண்டிக்கொண்டாள்.